கால் அங்குல நிழல்

நிழலை அளக்க ஐந்து பொருள்கள் வேண்டும். வளையாத கம்பி ஒன்று, அதன் உச்சியில் படுக்கையாக ஒட்ட ஒரு கோட்டுப் பொத்தான், கம்பியைச் செருக ஒரு மரக்கட்டை, அங்குலக் கோடு போட்ட அடிக்கோல், கம்பி நேராக நிற்கிறதா என்று பார்க்க ஊசி கட்டிய நூல். வீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு செய்து பார்க்கிறவர்கள் முதல் நான்கைச் சேர்த்ததும் மொட்டை மாடிக்கு ஓடிவிடுகிறார்கள். எங்கள் அடுக்குமாடிக் கட்டிடத்தில் போன மாதம் மூன்று குழந்தைகள் அப்படித்தான் ஓடினார்கள். நான் படியேறி அவர்களைத் தடுப்பதற்குள் அளந்து முடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து அது மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

யுத்தம் முடிவதற்கு முந்தின வருஷம் நான் மயிலாப்பூரில் ஒரு ஹைஸ்கூலில் நாலாவது பாரம், இப்போதைய ஒன்பதாம் வகுப்பு, படித்தேன். வகுப்பில் முப்பத்து நான்கு பேர். எங்கள் வீடு குளத்துக்கு மேற்கே இருந்தது. கீழே அத்தாவின், அதாவது என் அப்பாவின், குடைக் கடை, மேலே இரண்டு அறை, அதற்கும் மேலே மொட்டை மாடி. வாசலிலிருந்து பள்ளிக்கு ஆயிரத்து நூற்று நாற்பது காலடி. மழை நாளில் சற்றுக் கூடும்.

அந்த வருஷக் கடைசியில் எங்களை இரண்டாகப் பிரிப்பார்கள். பதினாறு பேர் விஞ்ஞானப் பிரிவுக்குப் போவார்கள். மற்ற பதினெட்டுப் பேர் டைப்படிக்கவும் கடை நிர்வாகம் பழகவும் போவார்கள். பதினாறு என்ற கணக்கு எப்படி வந்தது என்று கேட்டால், சோதனைச் சாலையில் பதினாறு ஸ்டூல்கள்தான் இருந்தன. அவற்றில் ஒன்று எனக்கு வேண்டும். ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்து அலமாரியில் இருந்த பாட்டில்களை எண்ணி வைத்திருந்தேன். கண்ணுக்குத் தெரிந்தவை நூற்றுப் பன்னிரண்டு. பின்வரிசையில் எத்தனை இருந்தன என்பது உள்ளே போனால்தான் தெரியும். அத்தாவுக்கு டைப்பில் குறை ஒன்றும் தெரியவில்லை. மவுண்ட் ரோடில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று சொல்வார். நான் சாப்பிடாமல் எழுந்து போவேன்.

யாருக்கு ஸ்டூல் என்பதைத் தீர்மானிக்கிறவர் எங்கள் சயன்ஸ் வாத்தியார். ஒல்லியானவர், கோட்டின் இடது பையில் எப்போதும் சாக்கட்டி இருக்கும். பரீட்சை மார்க்கில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது. ஜூலை மாதத்தில் பதினெட்டுச் சோதனைகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டார். ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும், ஒரு மாதம் செய்ய வேண்டும், பார்த்ததை நோட்டில் எழுத வேண்டும். அந்த நோட்டைப் பார்த்துத்தான் பிரிவு. எல்லாமே வீட்டில் இருக்கும் பொருளால் ஆகிறவை. மெழுகுவத்தியும் மண்ணெண்ணெயும் கிடைக்காத காலம் என்பதால் நெருப்பு வைக்கிற சோதனை ஒன்றையும் அவர் போடவில்லை.

எனக்கு முன்பெஞ்சில் இருந்தவன் ஆமணக்கு விதையை இரண்டு கொட்டாங்கச்சியில் போட்டு, ஒன்றை வெயிலிலும் ஒன்றை அரிசிப் பானைக்குள்ளும் வைத்தான். பானைக்குள் இருந்தது வெளுத்துப்போய் இரண்டு மடங்கு உயரமாக வளர்ந்தது. ஏன் இருட்டில் அதிக உயரம் என்று அவன் கேட்டபோது வகுப்பே திகைத்தது. இன்னொருவன் சாந்தோம் கடற்கரையிலிருந்து ஒரு படி கடல்தண்ணீர் கொண்டுவந்து தாம்பாளத்தில் காயவைத்து உப்பை நிறுத்தான். ஒருவன் உறிஞ்சுதாளில் கறுப்பு மைப் பொட்டு வைத்துத் தண்ணீரில் நுனியை நனைத்து, கறுப்புக்குள் நீலமும் சிவப்பும் இருப்பதைக் காட்டினான். அதைப் பார்க்க நாங்கள் ஒருவர் முதுகில் ஒருவர் ஏறினோம்.

நான் எடுத்தது பதினோராவது. பட்டணத்தில் வருஷத்தில் இரண்டு நாள் நடுப்பகலில் நிழல் இல்லாமல் போகும். ஒன்று சித்திரையில், மற்றது ஆடி முடிந்து ஆவணி பிறக்கும்போது. ஆவணியில் எந்த நாள் என்று அளந்து கண்டுபிடிக்க வேண்டும். தினமும் நடுப்பகல் பன்னிரண்டு மணிக்கு நிழலை அளந்து எழுது, அது குறைந்துகொண்டே வந்து மறையும் என்று வாத்தியார் சொன்னார். எனக்கு அது நம்ப முடியாததாக இருந்தது. நிழல் எங்கே போகும்?

கம்பிக்குப் பஞ்சமில்லை. கடையில் இருபத்து நான்கு அங்குலக் குடைக் கம்பி கட்டுக் கட்டாக இருந்தது. வளையாத ஒன்றைத் தேடி எடுக்கப் பதினேழு கம்பியை உருட்டிப் பார்த்தேன். பஞ்சம் நேரத்தில்தான். சனி, ஞாயிறு நானே அளக்கலாம். மற்ற ஐந்து நாள் பன்னிரண்டு மணிக்கு நான் வகுப்பில் இருப்பேன்.

அதனால் அக்காவைக் கேட்டேன். அவளுக்கு என்னைவிட மூன்று வயது அதிகம். மூன்றாவது பாரத்தோடு அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வீட்டிலிருந்தபடியே குடைத் துணியை எட்டுத் துண்டாக வெட்டித் தைத்துக் கொடுப்பாள். எட்டும் ஒன்றுபோல் இல்லாவிட்டால் குடை ஒரு பக்கம் இழுக்கும். அவள் தைத்த குடை இழுத்ததில்லை. வீட்டில் இருந்தது ஒரே ஒரு டைம்பீஸ், அதுவும் கீழே கடையில். வாடிக்கைக்காரர்கள் நிற்கும் கடைக்குள் அவள் வரமாட்டாள். மணி பார்க்க வழியில்லை என்பதால், உச்சி வெயில் தலைக்கு நேரே வரும்போது அளந்துவிடு என்று பொதுவாகச் சொல்லி வைத்தேன். விடுமுறை நாளில் நான் டைம்பீஸையே மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய், முள் இரண்டும் ஒன்றாகச் சேரும் விநாடியில் அளந்தேன்.

முதல் சனிக்கிழமை எனக்கு எட்டரை அங்குலம் வந்தது. ஞாயிறும் எட்டரை. திங்கட்கிழமை சாயங்காலம் அக்கா மூன்றரை என்றாள்.

ஒரே நாளில் ஐந்து அங்குலம் எப்படிக் குறையும்? கடிகாரம் இல்லாமல் அளந்தது அவள், கடிகாரத்தோடு அளந்தது நான். எது தப்பு என்பதில் எனக்குச் சந்தேகமே எழவில்லை. அவளிடம் ஒன்றும் சொல்லாமல் நோட்டில் எட்டரைக்குச் சற்றுக் குறைத்து எழுதினேன். செவ்வாயும் அப்படியே. அவள் தினமும் ஒரு அளவு சொல்வாள். நான் தலையாட்டிவிட்டு, என் சனி, ஞாயிறுக்குப் பொருந்தும்படி வேறு அளவு எழுதுவேன். அதைப் பொய் என்று நினைக்கவில்லை. திருத்தம் என்றே நினைத்தேன். மூன்று வாரம் ஓடியது. இருபத்து மூன்று வரி எழுதினேன். எட்டு என் அளவு, பதினைந்து திருத்தம். நிழல் எட்டரையில் தொடங்கி, எட்டுக்கு அரைக்கால் அங்குலம், அதாவது கால் அங்குலத்தில் பாதி, குறைவாக வந்து நின்றது.

நான்காவது வாரத் திங்கட்கிழமை வாத்தியார் நோட்டுகளைப் பார்த்தார். என்னுடையதை எடுத்து இரண்டு பக்கம் புரட்டினார். ஏதோ மனக்கணக்குப் போட்டார்.

“இந்த ரேட்ல போனா உன் நிழல் மறைய அடுத்த சித்திரை ஆகும்டா. ஆவணி பொறக்கப் போறது, உனக்கு இன்னும் எட்டு அங்குலம் பாக்கி.”

வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. விரலை ஒரு வரியில் வைத்தார்.

“புதன்கிழமை பன்னண்டு மணிக்கு நீ எங்கே இருந்தே?”

“வகுப்புல சார்.”

“என் வகுப்புலதான். எதிர்க்க உட்கார்ந்துண்டிருந்தே. அதே பன்னண்டு மணிக்கு உங்காத்து மாடியிலயும் நின்னு அளந்திருக்கே. எப்படிடா, ஒரு கால் இங்கே ஒரு கால் அங்கேயா?”

இந்தத் தடவை எல்லாரும் சிரித்தார்கள். அக்கா அளந்தாள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், அவள் சொன்ன அளவு எங்கே என்று கேட்பார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் நோட்டை என் கையில் கொடுத்து, ஒரு வாரம் அவகாசம் தருவதாகச் சொன்னார். அடுத்த திங்கட்கிழமை நிஜமான அளவு வர வேண்டும். வராவிட்டால் டைப் பிரிவில் இடம் நிச்சயம்; அங்கே நிழல் தேவைப்படாது என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கோபத்தை அக்காவிடம் காட்டினேன். நீ ஒழுங்காக அளந்திருந்தால் எனக்கு இது வந்திருக்காது என்றேன். அவள் தையலை வைத்துவிட்டு நோட்டை வாங்கிப் படித்தாள். ஒவ்வொரு வரியாக, விரல் வைத்து, இருபத்து மூன்றையும் படித்தாள்.

“இன்னாடா இது? நான் மூணரைன்னு சொன்னேன். நீ எட்டரைன்னு எழுதி வெச்சிக்கினு கீற.”

“உன்னுது தப்பு. மணி பாக்காம அளந்தது.”

“தெனம் வெயில்ல காலு வெந்துபோயி நின்னுக்கினு இருந்தது இதுக்கா? சரி, மேல வா.”

மாடிக்குக் கூட்டிப்போனாள். மூன்று வாரமாக நான் அங்கே போய் வந்துகொண்டிருந்தும் ஒன்றைக் கவனிக்கவில்லை. மரக்கட்டைக்குத் தெற்கே, சுண்ணாம்புத் தரையில், ஆணியால் கீறிய சின்னச் சின்னக் கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டையை நோக்கி ஏறிக்கொண்டிருந்தன. எண்ணினேன். அன்றையதோடு பதினாறு. முதல் கோடு மூன்றரை அங்குலத்தில், கடைசிக் கோடு ஒன்றேகாலுக்கு அரைக்கால் அதிகத்தில். ஒன்றுக்கொன்று இடைவெளி மாறாமல் இறங்கியிருந்தது. சனி, ஞாயிறு வரும் இடத்தில் மட்டும் இடைவெளி மூன்று நாள் அகலம். என் அளவு எதுவும் அங்கே பொருந்த இடமில்லை.

எப்படி அளந்தாய் என்று கேட்டேன். உச்சி வெயில் எப்போது வருகிறது என்று தெரியாததால், சமையல் முடிந்ததும் வந்து, பொத்தானின் நிழல் விழும் இடத்தில் ஒரு புளியங்கொட்டை வைப்பாளாம். கொஞ்ச நேரம் கழித்து அடுத்தது. அப்புறம் அடுத்தது. முதலில் கொட்டைகள் கட்டையை நெருங்கி வரும். ஒரு இடத்துக்குப் பிறகு மறுபக்கம் விலகிப் போக ஆரம்பிக்கும். எது மிக அருகில் இருக்கிறதோ அந்த இடத்தில் ஆணியால் கீறுவாள். நான்கு நாள் அப்படிச் செய்த பிறகு கொட்டை வைப்பதை நிறுத்திவிட்டாளாம்.

“ஏன்?”

“பாங்கு கீதே. பள்ளிவாசல்ல லுஹருக்குப் பாங்கு சொல்றாங்க பாரு, அதுக்குக் கொஞ்சம் முன்னால நெழலு ரொம்பக் குட்டை. பாங்கு முடியறதுக்குள்ள திரும்பிடும். மோதினாரும் முத்தத்துல குச்சி நட்டுத்தானே பாக்கறாரு.”

லுஹர் என்பது நடுப்பகல் தொழுகை, பாங்கு அதற்கு அழைக்கும் குரல். சூரியன் உச்சியைத் தாண்டி நிழல் திரும்பிய பிறகுதான் அதற்கு நேரம் வரும். பக்கத்துத் தெருப் பள்ளிவாசலில் மோதினார் கடிகாரத்தை நம்பாமல் முற்றத்துக் குச்சியைப் பார்த்தே பாங்கு சொல்வார். அந்தக் குச்சியை நான் ஆறு வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். ஒரு தரம் தடுக்கி விழுந்துமிருக்கிறேன்.

“ஆனா பாங்கு ஒண்ணேகாலுக்கு சொல்றாங்க. வாத்தியார் பன்னண்டுன்னு சொன்னாரு” என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

“ரெண்டு வருசம் முன்னால எத்தினி மணிக்குடா சொல்லிக்கினு இருந்தாங்க?”

பன்னிரண்டேகாலுக்கு. யுத்தத்துக்காக ஊரிலுள்ள கடிகாரத்தையெல்லாம் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அன்றைக்கு அத்தா டைம்பீஸைத் திருப்பி வைத்ததை நாங்கள் எல்லாரும் சுற்றி நின்று பார்த்தோம். அதன் பிறகு பாங்கு ஒரு மணி தாண்டிக் கேட்டது. எல்லாம் எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைதோறும் பழைய நேரம், புது நேரம் என்று கூட்டிக் கழித்துத்தான் தொழப் போவேன். ஆனால் அது பள்ளிவாசல் விஷயம், இது பள்ளிக்கூட விஷயம். இரண்டையும் ஒரே சூரியனோடு நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை.

“கெவுருமெண்டு கடியாரத்தத் தள்ளி வெச்சுது. சூரியனையுமாடா தள்ளி வெச்சுது?” என்று சொல்லிவிட்டு அக்கா கீழே இறங்கிப் போனாள்.

நான் அங்கேயே உட்கார்ந்து யோசித்தேன். என் நிழல் எப்போதும் மேற்கே சாய்ந்து விழுந்தது. அவள் கோடுகள் நேர் தெற்கே இருந்தன. பன்னிரண்டு மணி என்று நான் அளந்த நேரத்தில் சூரியன் உச்சிக்கு வர இன்னும் ஒரு மணிக்கு மேல் இருந்தது. எட்டு நாளும் காலை வெயிலை அளந்துவிட்டு, அதை வைத்து அவளுடைய பதினைந்து நாளையும் அழித்திருக்கிறேன்.

அந்த வாரம் புது நோட்டு போட்டேன். தரையில் இருந்த கோடுகளை ஒவ்வொன்றாக அடிக்கோலால் அளந்து எழுதினேன். என் எட்டு அளவையும், கடிகாரப் பன்னிரண்டு மணி என்று குறித்து, தனியாக எழுதினேன். திங்கட்கிழமை வாத்தியாரிடம் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். எண்களை மாற்றியதையும் சொன்னேன். ஒன்றேகால் மணி என்றதும் அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார். விரலில் எதையோ எண்ணினார்.

“நானே உனக்குப் பன்னண்டுன்னு சொன்னேனேடா” என்றார். பிறகு நோட்டைப் புரட்டினார். “யார் அளந்ததுன்னு இதுல எங்கே இருக்கு?”

இல்லை என்றேன். எழுதச் சொன்னார். அங்கேயே நின்று ஒவ்வொரு வரிக்கும் எதிரே ‘அக்கா’ என்று எழுதினேன். முந்தின வெள்ளிக்கிழமை வரை இருபது இடத்தில் எழுத வேண்டியிருந்தது.

அடுத்து அவர் கேட்டது, நிழல் என்றைக்கு மறையும் என்று. நாள் சரியாக இருந்து, அதை வகுப்பு முழுவதும் மைதானத்தில் பார்த்துவிட்டால், எனக்கு ஒரு ஸ்டூல் உண்டு என்றார்.

அக்காவின் கோடு அன்று அரை அங்குலத்துக்கு வர வேண்டும். நாளுக்கு அரைக்கால் அங்குலம் குறைகிறது. நான்கு நாள், வெள்ளிக்கிழமை. ஆனால் வெள்ளிக்கிழமை அந்த நேரத்தில் நான் ஜும்மாத் தொழுகையில் வரிசையில் நிற்க வேண்டும். முப்பத்து மூன்று பேர் என் கம்பியைச் சுற்றி நிற்பார்கள், நான் அங்கே இருக்க மாட்டேன். அதை நினைத்ததும் வாய் தானாகப் புதன்கிழமை என்று சொல்லிவிட்டது.

வீட்டில் அக்கா கேட்டுவிட்டு, புதன்கிழமை கால் அங்குலம் மிச்சம் இருக்குமே என்றாள். கால் அங்குலத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்றேன். நான் பார்ப்பேன் என்றாள்.

புதன்கிழமை மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பாட்டு மணி அடித்தது. இன்னொரு குடைக் கம்பியும் பொத்தானும் கட்டையும் மைதானத்துக்குக் கொண்டுபோனேன். வாத்தியார் குடை பிடித்துக்கொண்டு வந்தார். பையன்கள் சுற்றி நின்றார்கள். நிழல் கம்பிமேல் விழுகிறது, தள்ளி நில்லுங்கள் என்று நான் ஏழெட்டுத் தடவை கத்த வேண்டியிருந்தது. கட்டையை வைத்தேன். கம்பியைக் கண்ணால் பார்த்து நிமிர்த்தினேன். நூலும் ஊசியும் சட்டைப் பையில் இருந்தன. கை அங்கே போகவில்லை. மறந்தேனா, போகாமல் இருந்ததா என்று இத்தனை வருஷமாக எனக்குள் வழக்கு நடக்கிறது, தீர்ப்பு வரவில்லை. கம்பி உச்சி கால் அங்குலம் வடக்கே சாய்ந்தாலே போதும், தெற்கே இருக்கும் கால் அங்குல நிழல் காணாமல் போய்விடும். இருபத்து நான்கு அங்குலக் கம்பியில் கால் அங்குலச் சாய்வு கண்ணுக்குத் தெரியாது.

பள்ளிவாசல் பக்கமிருந்து பாங்கு ஆரம்பிப்பதற்குச் சற்று முன்னால் பொத்தானின் நிழல் நகர்ந்து வந்து கம்பியின் அடியைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்தது. நடு மையத்தில் கம்பி. பையன்கள் தங்கள் காலடியைக் குனிந்து பார்த்தார்கள். ஒருவன் தன் சாப்பாட்டுத் தூக்கை நிலத்தில் வைத்தான். அதற்கும் நிழல் இல்லை. அவன் அதைத் தூக்கி அடியில் பார்த்தான். வாத்தியார் என் நோட்டை வாங்கி, புதன்கிழமை, பூஜ்யம் என்று தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பதினாறில் ஒன்று என்று தோளில் தட்டினார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அக்கா எவ்வளவு என்று கேட்டாள்.

“இல்லவே இல்ல. சுத்தமா மறஞ்சிடுச்சு.”

“இங்க கால் அங்குலம் கீது.”

நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

“நூல் தொங்கவுட்டுப் பாத்தியா?” என்று கேட்டாள். தைத்துக்கொண்டிருந்த துணியை எடுத்து, ஒரு ஓரத்தைப் பிரிக்க ஆரம்பித்தாள். நான் மேலே போய்ப் பார்த்தேன். புதிய கோடு கால் அங்குலத்தில் இருந்தது. பக்கத்தில், அவள் சரியாக வைத்தாளா என்று நானே நூலைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன். கம்பி நூலை ஒட்டி நின்றது.

மறுநாள் மணி அடிக்க இருபது நிமிஷம் இருக்கும்போதே பள்ளிக்குப் போய்ச் சோதனைச் சாலை வாசலில் நின்றேன். ஸ்டூல்கள் மேஜைமேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. வாத்தியார் வந்தார். நேற்று எழுதிய பூஜ்யம் தப்பு என்றேன். எங்கள் மாடியில் கால் அங்குலம் இருந்தது, நான் நூல் விட்டுப் பார்க்கவில்லை என்றேன்.

“நூல் கொண்டுவரலையா?”

“பையில இருந்தது சார்.”

அவர் நோட்டைக் கேட்டு வாங்கினார். தன் கையெழுத்தையும் பூஜ்யத்தையும் ஒரே கோட்டில் அடித்தார். அக்காவின் கால் அங்குலத்தை அங்கே எழுதச் சொன்னார். பிறகு, வகுப்பில் நீயே சொல்லிவிடு என்றார். சொன்னேன். பின் பெஞ்சிலிருந்து, நிழலை எந்தப் பையில் வைத்திருந்தாய் மச்சி, காட்டு என்று ஒருவன் கேட்டான். தூக்கை நிலத்தில் வைத்தவன்தான் அதிகமாகக் கோபப்பட்டான். நேற்று ராத்திரி வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டானாம்.

ஸ்டூல் பற்றி வாத்தியார் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை நீ தொழப் போ, இங்கே நான் நூல் கட்டிப் பார்க்கிறேன், உங்காத்தில் அக்கா பார்க்கட்டும், இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார். வியாழனன்று அக்காவின் கோடு அரைக்கால் அங்குலத்தில் விழுந்தது.

வெள்ளிக்கிழமை நான் பள்ளிவாசலில் நான்காவது வரிசையில் இருந்தேன். முற்றத்துக் குச்சி எனக்கு இடப்பக்கம், முப்பதடி தூரத்தில். திரும்பிப் பார்க்கக் கூடாது. பாங்குக்குச் சற்று முன்பு, எனக்கு முன்னால் இருந்தவர் முதுகில் பட்டிருந்த வெயில் மெல்ல மங்கியது. மறுபடி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. தொழுதுவிட்டு வெளியே வந்தால் வானம் முழுக்க மூட்டமாக இருந்தது, தூறல் கன்னத்தில் விழுந்தது.

“மேகம்டா. பாங்குக்கு முன்னாலயே வந்து மூடிக்கிச்சு. நனையற வரைக்கும் நின்னேன்” என்றாள் அக்கா.

சனிக்கிழமை வெயில் அடித்தது. இருவரும் சேர்ந்து நின்று பார்த்தோம். அரைக்கால் அங்குலம், ஆனால் வடக்குப் பக்கம். ஒரு மாதமாகத் தெற்கே விழுந்துகொண்டிருந்த நிழல் கம்பியைத் தாண்டி அந்தப் பக்கம் போயிருந்தது. நாங்கள் யாரும் பார்க்காத நேரத்தில் தாண்டியிருக்கிறது. அக்கா வடக்கே முதல் கோட்டைக் கீறினாள். ஆணி தரையில் உரசும் சத்தம் கேட்டது. எனக்கு ஏமாற்றமாகவும் இருந்தது, அதற்கு மேல் ஆச்சரியமாகவும் இருந்தது. பார்க்காவிட்டாலும் நாள் தெரிந்துவிட்டதே.

திங்கட்கிழமை நோட்டைக் கொடுத்தேன். வாத்தியார் வெள்ளிக்கிழமை வரியில் நிறுத்தினார். அங்கே நான் ஒன்றும் எழுதவில்லை.

“இது ஏன் காலி?”

“யாரும் பாக்கல சார்.”

“வியாழன் தெக்கே அரைக்கால், சனி வடக்கே அரைக்கால். நடுவுல பூஜ்யம்னு போட்டா யார் இல்லேன்னு சொல்லுவா?”

அவர் சோதிக்கிறாரா, நிஜமாகவே கேட்கிறாரா என்று முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. ஏற்கெனவே இரண்டு தடவை இடம் நிரப்பியவன் நான். “பாக்கல சார்” என்று மறுபடி சொன்னேன். அவர் பேனாவை எடுத்து, காலியாக இருந்த இடத்தில் ‘மேகம்’ என்று எழுதினார். அதற்கு எதிரே, அளந்தவர் பெயர் வரும் இடத்தில், தன் முதலெழுத்தைப் போட்டார். நோட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

முழுப் பரீட்சைக்குப் பிறகு பட்டியல் ஒட்டினார்கள். விஞ்ஞானப் பிரிவில் என் பெயர் பதினான்காவது. மூன்று தடவை எண்ணிப் பார்த்தேன். அன்றைக்கே நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு ஓடினேன், எத்தனை காலடி என்று அன்று எண்ணவில்லை.

அக்காவிடம் பதினான்கு என்றேன். அவளுக்குச் சந்தோஷம்தான், ஆனால் கை நோட்டைத்தான் கேட்டது. பக்கங்களைப் புரட்டினாள். தன்னைக் குறித்த வரிகளை வேகமாகத் தாண்டிப் போனாள். வெள்ளிக்கிழமையில் வந்து நின்றாள்.

“இது உன் கையெழுத்து இல்லியே.”

“வாத்தியாரோடது.”

“அவரும் நின்னாரா? மழ வந்ததே.”

“நின்னாராம். குடையில்லாம.” குடை பிடித்தால் கம்பிமேல் நிழல் விழும் என்பதால் அதை மடக்கி வைத்துவிட்டு நின்றார் என்று பையன்கள் எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

அவள் அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தான் மாடியில் நனைந்துகொண்டு நின்ற அதே பத்து நிமிஷம், ஆயிரத்து நூற்று நாற்பது காலடி தள்ளி, பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரும் அதையே பார்க்க நின்றிருக்கிறார் என்பது அவளுக்குப் புதிதாக இருந்தது. பிறகு, அந்தப் பிரிவில் முதல் நாள் என்ன சொல்லிக்கொடுப்பார்கள் என்று கேட்டாள். தெரியாது என்றேன். வந்து சொல்லு, ஒன்றும் மாற்றாமல் சொல்லு என்றாள்.